வலக் கன்னத்து மச்சம்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சொல்லப்போவது ராஜா கதைதான். ஆனால் ராஜா இதில் வாயே திறக்க மாட்டார்.

பழைய சாமான் கடையின் அடித்தட்டில், துருப்பிடித்த தராசுக்கும் கையொடிந்த பொம்மைக்கும் நடுவில் இருந்தது அந்தப் பீங்கான் கோப்பை.

மகாராணி குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

மகாராணி என்பது தெரு வைத்த பட்டப்பெயர். எண்பத்தெட்டே நாள் ஆண்டுவிட்டு, தம்பி தலையில் மகுடத்தை வைத்துவிட்டுக் கப்பலேறிப் போனார் ஒரு ராஜா. அவர் முகம் போட்ட தட்டு, டப்பா, தபால்தலை, கோப்பை என்று கண்டதையெல்லாம் நாற்பது வருஷமாகச் சேர்க்கிறாளே, வேறென்ன பெயர் வைப்பார்கள்?

"சட்டி பானை வைக்க இடமில்ல, ஓடிப்போன ராஜாவுக்கு மூணு அலமாரி!" என்று வாரத்துக்கு ஒருதரமாவது இடித்துக்காட்டுவாள் மருமகள். இப்போது பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவளும் அவளேதான்.

மகாராணி கைக்குட்டையால் தூசியைத் துடைத்தாள். முதலில் கிரீடம். அப்புறம் மீசை. அப்புறம் கன்னம்.

அலமாரியில் இருக்கிற அத்தனை சாமானிலும் ராஜாவுக்கு மச்சம் இடக் கன்னத்தில்.

இதில் வலக் கன்னத்தில்.

கோப்பையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தாள்.

கடைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "அது கழிச்சுப் போட்ட கோப்பைம்மா. முகம் அச்சு, மச்சம் மட்டும் கையால வைக்கிறது. எவளோ கண்ணு தெரியாதவ இடம் மாத்தி வச்சிருக்கா."

"கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சுது, தம்பி. மாதிரிக் கோப்பை என் முதுகுக்குப் பின்னால இருந்துச்சு. எதிர்ச் சுவத்துக் கண்ணாடியில பாத்து வச்சேன்."

கடைக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது.

மகாராணி கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மருமகள் பக்கம் திரும்பினாள். "மூணு அலமாரியையும் காலி பண்ணிக்கோடி. எனக்கு இது போதும்."

"என்ன அத்தை சொல்றீங்க?" என்றவளுக்கு வாய் மூடவில்லை.

அந்த மச்சத்தை வைத்தபோது மகாராணிக்குப் பதினேழு வயது. பீங்கான் ஆலையில் முதல் நாள், கடைசி இருக்கை. நாற்பது கோப்பைக்கு நாற்பது மச்சம் வைத்தாள். மேஸ்திரி அவள் கையைத் தட்டிவிட்டு, "இந்தக் கை எதுக்கும் ஆகாது" என்று வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். உள்ளே ஒவ்வொன்றாகப் போட்டு உடைத்தார்.

கதவுக்கு வெளியே நின்றவள் அழவில்லை. எண்ணினாள்.

முப்பத்தொன்பது சத்தம்தான் கேட்டது.

நல்லது, கண்ணுகளா. உங்கள் வீட்டில் எது கைதவறி விழுந்தாலும், ஒன்றாவது உடையாமல் உங்களைத் தேடி வந்து சேரட்டும்.