இரண்டாவது இருக்கை

வெண்டல் முதலில் செய்த குட்டி விமானத்தில் ஒரே ஓர் இருக்கைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பறப்பான்; அவன் மனைவி ஐடா ஒஹாயோவின் புல்வெளியில் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்பாள். அடுத்த விமானத்துக்கு அவன் இரண்டு இருக்கைகள் வரைந்தான். சாப்பாட்டு மேஜையில் கிடந்த வரைபடத்தில் ‘உடன் வருபவர் எடை: நூற்றுப் பத்து ராத்தல்’ என்றிருந்தது.

“இது யாரு?”

“நீதான்.”

“அது கல்யாணத்தப்போ. இப்ப நூத்தி நாப்பது.”

வெண்டல் அவளை ஏற இறங்கப் பார்க்கவில்லை. ரப்பரால் எடையை அழித்துத் திருத்தினான். பிறகு அதற்கு ஈடாகப் பெட்ரோல் டாங்கியின் அளவையும் அழித்துக் குறைத்தான்.

“அப்ப ரொம்ப தூரம் போக முடியாதே?”

“தூரம் போறதுக்கா ரெண்டு சீட்டு?”

அந்த விமானம் நன்றாக விற்றது. ஒவ்வொன்றிலும் இரண்டாவது இருக்கைக்கு எதிரே, நூற்று நாற்பது ராத்தல் வரை என்று பொறித்த பித்தளைத் தகடு இருந்தது. ஒருநாள் ஏறி உட்கார்ந்த பருத்த பண்ணைக்காரர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, சத்தமில்லாமல் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஐடாவுக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்றிருந்தது.