தாமல் ஏரியில் ஒரு வெள்ளோட்டம்

"சக்கரம் தரையை விட்டு ஒரு விரக்கடை எழும்பினாலும் வண்டி ஜப்தி. இப்பவே சொல்லிட்டேன்" என்றார் வரதராஜன்.

அவர் மெட்ராஸிலிருந்து வந்திருந்த விமானச் சோதனை ஆபீசர். வண்டி என்று அவர் சொன்னது, மோட்டார் மெக்கானிக் துரைக்கண்ணு மூன்று வருஷம் பாடுபட்டு வீட்டுக் கொல்லையிலேயே செய்த ஒற்றை ஆள் விமானத்தை. சித்திரை வெயிலில் காய்ந்து கிடந்த தாமல் ஏரிக்குள் அது நின்றுகொண்டிருந்தது.

"தரையில மட்டும்தாங்க ஓட்டுவேன். நீங்க சரின்னு எழுதிக் குடுத்தா, அப்பால டில்லியில பறக்க பர்மிஷன் கேட்டுக்கறேன்" என்றான் துரைக்கண்ணு. இந்த ஒரு கையெழுத்துக்காக ஒன்பது மாதம் காத்திருந்தவன். 

ஆபீசர் விமானத்தை ஒரு சுற்று வந்தார். பிள்ளையார்பாளையத்துத் தறியில் நெய்த பட்டு போர்த்திய இறக்கையைச் சுண்டிப் பார்த்தார். இருக்கையின் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். நல்லதா கெட்டதா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இஞ்சின் ஏது?"

"ஜெர்மன் காரோடதுங்க. காரு நொறுங்கிடுச்சி, இஞ்சினுக்கு ஒண்ணும் ஆவல. இதுல பிஸ்டனே கிடையாது. முக்கோணமா ஒரு இரும்புத் துண்டு உள்ள சுத்திக்கினே இருக்கும். எடை ரொம்பக் கம்மி."

"மூக்கைத் தூக்கினா கார்புரேட்டர் இருமுமே?"

"இருமிச்சிங்க. அதான் கழட்டிக் கடாசிட்டேன். இப்போ ஊசியால பெட்ரோலைப் பீச்சறோம். இஞ்சினுக்குள்ள எவ்ளோ காத்து போவுதுன்னு பாத்து, அதுக்குத் தக்கன ஊசியைத் தொறந்து மூடறது இந்த எலக்ட்ரானிக் பெட்டி."

ஆபீசர் குனிந்தார். "வெளிநாட்டுலயே இப்பதான் இது கார்ல வந்திருக்கு. யார் செஞ்சது?"

துரைக்கண்ணுவின் மைத்துனன் முனிரத்தினம் முன்னால் வந்தான். பகலில் பட்டுத் தறிகளுக்கு ஜக்கார்டு அட்டையில் துளை போடுகிறவன், பொழுது சாய்ந்தால் ரேடியோ ரிப்பேர்.

"நான்தாங்க. அட்டையில தொளை இருந்தா நூல் எழும்பும், இல்லன்னா படுத்துக்கினு இருக்கும். அதே மாதிரிதான். கரண்டு வந்தா ஊசி தொறக்கும், நின்னா மூடிக்கும். நீங்க ஒரு தடவை கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள பத்து தடவை."

"வாயால சொல்றதை எல்லாம் ரிப்போர்ட்ல எழுத முடியாது. ஓட்டிக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, கரையடியில் நின்ற ஜீப்பை நோக்கி நடந்தார் ஆபீசர்.

துரைக்கண்ணு மனைவி அம்சாவையும் முனிரத்தினத்தையும் பக்கத்தில் அழைத்தான். "திங்கக்கிழமை, ஒம்பது வரைக்கும் ராகு காலம். அதுக்கு மேலதான் ஏறுவேன். நீங்க ரெண்டு பேரும் ஏரியோட அந்தக் கடைசிக்குப் போயி, மேயற ஆடுங்களை ஓட்டுங்க. ஒண்ணு குறுக்க வந்தாலும் மூணு வருஷம் பாழு."

அரை மைல் நடக்க வேண்டியிருந்தது. முனிரத்தினத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அக்கா, எனக்கு ராத்திரி பூரா தூக்கமே இல்ல."

"எனக்கும்தான்டா. காலையில ஒரு வாய் காப்பி கூட எறங்கல."

பாதி ஆடுகளைக் கூட ஓட்டி முடிக்கவில்லை. எட்டரை மணிக்கே அந்தப் பக்கம் இஞ்சின் உயிர் பெற்றது. விக்கலும் இல்லை, இருமலும் இல்லை. ஒரே சீராக ரீங்காரம். முனிரத்தினம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கேளுக்கா, எங்கயாவது ஒரு எடத்துல தட்டுதா பாரு. பெட்டி வேலை செய்யுதுக்கா."

"அது சரி, ராகு காலமே முடியலையே. அதுக்குள்ள இன்னா அவசரம் இந்த மனுசனுக்கு?"

"ஆபீசரு நெருக்கியிருப்பாரு."

புழுதியைக் கிளப்பிக்கொண்டு விமானம் அவர்களை நோக்கி ஓடி வந்தது. வேகம் கூடியது. பிறகு, கிளம்பிக்கொண்டிருந்த புழுதி சட்டென்று நின்றுவிட்டது.

"அக்கா, சக்கரம்" என்றான் முனிரத்தினம். விரலை நீட்டிக் காட்டினான்.

பனைமர உயரத்தில் அது அவர்கள் தலையைத் தாண்டிப் போயிற்று. உள்ளே இருந்தவரின் ஹெல்மெட் மட்டும் ஒரு நொடி தெரிந்தது. ஆடுகள் நாலா பக்கமும் சிதறின. முனிரத்தினம் துண்டைச் சுழற்றிக் குதித்தான். அம்சாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தன் புருஷன் கையால் செய்தது பறக்கிறது. இதைவிட அவளுக்கு வேறென்ன வேண்டும்?

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "டேய், ஜப்தின்னாரேடா."

முனிரத்தினத்தின் துண்டு நின்றது.

"நீ மாமாவுக்குக் கை காட்டி எறங்கச் சொல்லு. நான் போயி ஆபீசரு கால்ல விழறேன்" என்று சொல்லிக்கொண்டே அம்சா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். விமானம் திரும்பி வந்து அவளுக்கு மேலேயே வட்டமடித்தது. இறங்குய்யா என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

ஜீப்புக்கு அந்தப் பக்கம் ஒருவர் நிற்க, கதவுக்கு அடியில் அவர் கால்கள் மட்டும் தெரிந்தன. மூச்சு வாங்கக்கூட நிற்காமல் சுற்றி ஓடி, குனிந்த தலையோடு அந்தக் கால்களில் விழுந்தாள்.

"ஐயா, அவரு வேணும்னு எழுப்பலீங்க. எதிர்க்காத்து தூக்கிடுச்சி. எங்க வண்டியை மட்டும் எடுத்துக்கினு போயிடாதீங்க."

"எந்திரி அம்சா" என்றான் துரைக்கண்ணு.

அவன் கண் வானத்தை விட்டு இறங்கவில்லை. "ராகு காலத்துல ஏற மாட்டேன்னு சொன்னேன். அப்படின்னா நானே தரையில ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கறேன்னுதான் ஆபீசரு ஏறினாரு. இது மூணாவது சுத்து, எறங்கற மாதிரியே தெரியல."