ஒன்பதாம் நம்பர் காலி மனை

“இந்தாம்மா, நீ எங்கே கிளம்பிட்டே?”

கீழ்வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்த தையல்காரி திரும்பினாள். படியில் தலைவர். தெரு நலச் சங்கத் தலைவர், அவள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரும் அவர்தான். சலவைச் சட்டை, கையில் நாலு பக்கப் பேச்சு. காலையிலிருந்து கண்ணாடிக்கு முன்னால் அதைத்தான் முழங்கிக்கொண்டிருந்தார்.

“நகராட்சிக் கூட்டத்துக்கு சார். பட்ஜெட்டுக்கு ஜனங்க கருத்துச் சொல்லலாமாம்.”

“நீ போய் என்ன சொல்லப் போறே?”

“வடிகால் கேக்கணும் சார். மழை பேஞ்சா தண்ணி என் வீட்டுக்குள்ளதான வருது? ரெண்டு தடவை மிஷின் மோட்டார் போச்சு. இன்னொரு தடவை போனா நான் கடையைக் கட்ட வேண்டியதுதான்.”

“அதுக்குத்தான நான் போறேன்! ஜனங்கன்னா யாரு? வரி கட்டுற ஜனங்க. வரி கட்டுறவங்கதான் அங்க வாயைத் திறக்கலாம். வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு அங்க என்ன வேலை?”

 அவள் பூட்டைத் திறந்து உள்ளே போய்விட்டாள்.

புத்தி வந்தது என்று நினைத்துக்கொண்டார் தலைவர்.

கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிஷம். அதற்கு மேல் பேசினால் ஊழியர் ஒருவர் மணியடிப்பார். தலைவருக்குப் பதினெட்டாவது டோக்கன். மைக்கைப் பிடித்ததும் குரல் தானாக ஏறியது.

“வீட்டு வரியை ஏத்தப் போறீங்களாம்! எதுக்கு? எங்க ரத்தத்தை உறிஞ்சது போதாதா? எங்க தெருவுல பதினெட்டு வீடு. அத்தனையும் மாடி வீடு. ஒரு வடிகால் உண்டா? மழை பேஞ்சா ஒரு ஏழைத் தையல்காரி முழங்கால் தண்ணியில நிக்கிறா. உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?”

கைதட்டல். சங்கப் பொருளாளர் விசிலே அடித்தார்.

ஆணையர் அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு பதிவேட்டைப் புரட்டினார்.

“எத்தனை வீடு சொன்னீங்க?”

“பதினெட்டு.”

“எண்ணித்தான் சொல்றீங்களா?”

“என் தெரு எனக்குத் தெரியாதா மேடம்?”

“இதுல நாலு வீடுதான் இருக்கு. மிச்சம் பதினாலும் காலி மனைன்னு இருக்கு, வீட்டு வரியே கிடையாது. ஒன்பதாம் நம்பர் உங்களுதுதானே? அதுவும் காலி மனை.”

அந்தக் காலி மனையில் மூன்று மாடி நிற்கிறது. உச்சியில் தலைவரின் பெயரைப் பொறித்த கல் வேறு.



“அதனால ஒண்ணுமில்லை,” என்றார் ஆணையர். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. “இந்த வருஷம் ஒரு தெருவுக்குத்தான் வடிகால் போட முடியும். உங்க தெரு, இல்லேன்னா சந்தைக்குப் பின்னால இருக்கிற தெரு. அங்க பதினோரு வீடு. உங்க தெருவுல பதினெட்டுன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. வடிகால் உங்களுக்குத்தான். நாளைக்கே வீட்டை எல்லாம் அளக்க ஆள் வரும்.”

தலைவர் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். விசிலடித்த பொருளாளர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். போட்டிருந்தது செருப்பு.

“நாலுதான் மேடம். வாய் தவறிடுச்சு.”

“பதினாலு வீடு வாய் தவறிச்சா?”

மணி அடித்தது. தலைவருக்கு அதுவே பெரிய உதவி. ஆணையர் சந்தைத் தெருவின் பெயரை எழுதினார்.

“எல்லாத்தையும் முன்னாடியே முடிவு பண்ணிட்டுத்தான் கூட்டமே போடறானுங்க,” என்றார் தலைவர், நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து.

“அயோக்கியப் பசங்க தலைவரே,” என்றார் பொருளாளர்.

“டோக்கன் இருபத்து மூணு!”

கடைசி வரிசையிலிருந்து தையல்காரி எழுந்து வந்தாள். தோளில் துணிப்பை.

தலைவர் துள்ளி எழுந்தார். “மேடம், இவ பேசக் கூடாது! வாடகைக்கு இருக்கிறவ. ஒரு காசு வரி கட்டுறதில்லை!”

“நீங்க உக்காருங்க. இங்க யார் வேணும்னாலும் பேசலாம்.”

“இல்லை மேடம்,” என்றாள் தையல்காரி. “வரி கட்டுறவங்கதான் வாயைத் திறக்கலாம்னு சார் காலையிலயே சொல்லிட்டாரு. அதனால திரும்பப் போய் எடுத்துட்டு வந்தேன்.”

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். தண்ணீரில் ஊறிக் காய்ந்து உப்பிப்போன வாடகை நோட்டு.

“ஒன்பதாம் நம்பர், கீழ்வீடு மேடம். ஆறு வருஷமா வாடகை ஒரு பக்கம், வீட்டு வரின்னு தனியா ஒரு பக்கம். மாசம் தவறாமக் கட்டுறேன். எல்லாத்துக்கும் சார் கையெழுத்து இருக்கு.”

ஆணையர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. பொருளாளரின் நாற்காலி காலியாக இருந்தது.

ஆணையர் சற்று முன் எழுதிய தெருப் பெயரை அடித்தார்.

மணியடிக்கும் ஊழியர், யாரும் சொல்லாமலே, மணியை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தார்.

தையல்காரி மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள்.

“அந்தக் காலி மனைக்கு வரி கட்டுறவ நான் ஒருத்திதான் மேடம். இப்பப் பேசலாமா?”