பால் பூத்தில் திரும்பிய கார்

ஜானவாச ஊர்வலம் சேலையூர்ப் பிள்ளையார் கோவிலை விட்டுக் கிளம்பிப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. பின் சீட்டில் கோட்டு சூட்டும் மாலையுமாக மாப்பிள்ளை அனந்தகிருஷ்ணன். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த ஸ்ரீநிவாசராகவன் இன்ஜின் சத்தத்திலேயே காதை வைத்திருந்தார்.

வண்டி நடுவழியில் நின்றுவிடக் கூடாது. அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியது. மாப்பிள்ளை கார் தெருவில் மக்கர் பண்ணினால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அதுவும் இந்தக் கல்யாணத்தில்.

முப்பத்தெட்டாம் வருஷத்து மாரிஸ், மேல்கூரை மடக்குகிற வண்டி. அதற்கு அறுபத்தெட்டு வயசு. நாலு வருஷமாக ஷெட்டில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. பெண் வீட்டார் வாடகைக்குத் திறந்த கார் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, இவரே வலியப் போய்த் தருகிறேன் என்றார்.

மெக்கானிக் தசரதன் பத்து நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டுச் சொன்னான்: "நின்னுச்சுன்னா செல்ஃப் எடுக்காது சார். ஹாண்டில் போட்டுத்தான் சுத்தணும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் சித்தப்பாவுக்கு வாய் ஓயவில்லை. வண்டியோட ஹிஸ்டரி என்ன ஸார் என்று பிடித்துக்கொண்டார்.

ஸ்ரீநிவாசராகவன் சொன்னார். முதலில் ஏற்காட்டில் ஒரு வெள்ளைக்காரக் காபித் தோட்டக்காரர் வைத்திருந்தார். யுத்த காலத்தில் பெட்ரோல் இல்லாமல் கரி வாயுவில் ஓடியது. சுதந்திரம் வந்ததும் துரை கப்பலேறினார். வண்டி தாம்பரத்தில் ஒரு டாக்டரிடம் வந்தது. பிள்ளையில்லாத அந்த டாக்டர், தன் கம்பவுண்டரான இவர் அப்பாவுக்கே அதைக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் என்றார் சித்தப்பா. அப்புறம் ஒன்றுமில்லை என்றார் இவர்.

பின்னால் அனந்தகிருஷ்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

பால் பூத் வந்தது. நாதஸ்வரக்காரர்கள் நேராகப் போனார்கள். கார் பாட்டுக்கு இடது பக்கம் திரும்பியது.

மண்டபம் நேரே என்று சித்தப்பா பதறினார். ஸ்ரீநிவாசராகவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பிரேக்கை மிதித்தார், க்ளச்சை மறந்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோனது.

வயசாகிவிட்டது, வழி மறந்துபோச்சு, பாவம் என்றார் சித்தப்பா.

அனந்தகிருஷ்ணன் எழுந்தான். யாரையும் கேட்கவில்லை. பின் சீட்டைத் தூக்கி, அடியில் துணி சுற்றிக் கிடந்த இரும்பு ஹாண்டிலை எடுத்துக்கொண்டு, மாலையோடு முன்பக்கம் போனான்.

அது அங்கே இருப்பது மாப்பிள்ளைக்கு எப்படித் தெரியும்? சித்தப்பா திகைத்தார்.

வழி மறந்திருந்தால் எவ்வளவோ தேவலை. ஐந்து வருஷத்துக்கு முன் ஸ்ரீநிவாசராகவன் இதே காரில், இதே அனந்தகிருஷ்ணனை, இதே பால் பூத்தில் இடது பக்கம் திருப்பித்தான் தன் வீட்டுப் பந்தலுக்கு அழைத்துப் போனார். கல்யாணப் பெண் மாளவிகா, அவருடைய ஒரே மகள். வருஷம் திரும்பவில்லை, காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவேயில்லை.

இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொள் என்று அவனை நச்சரித்ததும் இவர்தான். மாப்பிள்ளைக்கு இது இரண்டாம் கல்யாணம் என்று பெண் வீட்டாருக்குத் தெரியும். கார்க்காரர் யாரென்று தெரியாது. நல்ல காரியத்தில் அவர்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று, யாரிடமும் மூச்சுவிடக் கூடாதென அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

மூன்றாவது சுற்றில் வண்டி உயிர் பெற்றது. அனந்தகிருஷ்ணன் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் வந்து நின்றான்.

"நாழியாறது. ரிவர்ஸ் எடுங்கோ அப்பா" என்றான், எல்லாருக்கும் கேட்கும்படி.