திரும்பிய ஹேங்கர்கள்

கையும் களவுமாக மாட்டிக்கொண்டான் கணவன். அவள் குளித்துவிட்டு அறைக்குள் வந்தபோது அவளுடைய அலமாரி திறந்து கிடந்தது. அவன் கையில் பச்சைப் புடவை தொங்கும் ஹேங்கர்.

“அப்ப நீங்கதானா? இத்தனை நாளா என்னையே நான் சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்” என்றாள்.

அவன் பதறவில்லை. லிஃப்ட் மெக்கானிக். பழுது எங்கே என்று தெரியாமல் கருவிப் பையை மூடுகிற வழக்கம் அவனுக்குக் கிடையாது. ஹேங்கரைத் திருப்பி மாட்டியது நீதான், அதைக் காட்டத்தான் எடுத்தேன் என்றான்.

விஷயம் இதுதான். அவளுக்குத் துணி வாங்குகிற வியாதி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை; போனதும் வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டால், உள்ளே என்ன உடுத்தியிருக்கிறாள் என்று சாயங்காலம் வரை ஈ காக்கைக்குத் தெரியாது. ஆனாலும் மனசு சரியில்லை என்றால் ஒரு புடவை, சரியாகிவிட்டால் அந்தச் சந்தோஷத்துக்கு ஒரு சுடிதார்.

பார்சல்களை மாடிப்படிக்கு அடியில் ஒளித்து வைத்தாள். கேட்டால் பழசு என்று வாய் கூசாமல் புளுகினாள். ஒருநாள் அலமாரிக் கதவு மூடவே மாட்டேன் என்று அடம் பிடித்தது. அன்றைக்கு அவளுக்கே அவமானமாகிவிட்டது.

கூட வேலை பார்ப்பவள் ஒரு வழி சொன்னாள். எல்லா ஹேங்கரையும் கொக்கியின் வாய் நம்மைப் பார்க்கும்படி எதிர்ப்புறமாக மாட்ட வேண்டும். ஒன்றை உடுத்தித் துவைத்து வைக்கும்போதுதான் வழக்கம்போலச் சரியாகத் திருப்பி மாட்ட வேண்டும். ஆறு மாதம் கழித்தும் திரும்பாமல் இருப்பதெல்லாம் வேண்டாதது. யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். அதுவரை புதுசு என்ற பேச்சே கிடையாது.

பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கடைவீதிப் பக்கம் போகாமல் ஊரைச் சுற்றி வேலைக்குப் போனாள். கழுத்து நைந்த நீலக் குர்தாவுக்குத் தையல் போட்டு மறுபடி மறுபடி உடுத்தினாள். இருக்கிற நாலைந்து உடைகள் மேல் அவளுக்கு நிஜமாகவே ஆசை வந்துவிட்டது.

ஹேங்கர்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. உடுத்தாத சுடிதாரும் குர்தாவும் வைத்தது வைத்தபடி இருக்க, அவள் விரலால்கூடத் தொடாத புடவைகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. தூக்கத்தில் எழுந்து நடக்கிறேனோ என்றுகூடப் பயந்தாள்.

வீட்டில் இருந்த இன்னொருவர் மாமியார். துணி விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் வாய் நீளம். “உடம்பு ஒண்ணு, புடவை ஊருக்கே ஆகும்” என்பது அவர் தினசரி பாடுகிற பாட்டு. தனக்குச் சாம்பல் நிறத்தில் இரண்டு மூன்று போதும் என்பார். மருமகள் என்றைக்காவது சீக்கிரம் வீடு திரும்பினால், மணியடித்து மணியடித்துக் கை வலிக்கிற வரைக்கும் கதவு திறக்காது. முட்டி வலியாம்.

இன்று கெடு முடிகிற நாள். மூட்டை கட்டப் பெரிய பைகூட எடுத்து வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போயிருந்தாள்.

“இதைப் பாரு” என்று கணவன் புடவையின் ஓரத்தை இழுத்துக் காட்டினான். “விலை அட்டைகூட இன்னும் கிழிக்கல. இதக் கட்டினேன்னு யார் நம்புவா? குடுக்க மனசில்லேன்னா சொல்லிடு. எதுக்கு இந்த நாடகம்?”

“நான் திருப்பலைங்க.”

“பார்சலை ஒளிச்சு வச்சப்பவும் இதே குரல்லதான் சொன்னே.”

ஒரு காலத்தில் பொய் சொல்லியிருந்தால், பிறகு சொல்கிற உண்மைக்கும் ஜாமீன் கேட்கிறார்கள். இத்தனை மாதம் பட்ட பாடெல்லாம் விழலுக்கு இறைத்த நீராகிவிட்டதே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

“சரி. திரும்பினது, திரும்பாதது எல்லாமே போகட்டும்” என்றாள்.

ஹேங்கரோடு பிடுங்கிப் பிடுங்கிப் பையில் திணித்தாள். கோபத்தில் செய்யாதே என்று அவன் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. நீலக் குர்தாவும் அவள் உயிராக வைத்திருந்த மற்ற சிலவும் மட்டும் கட்டிலில் மிஞ்சின. கடைசியாக அவன் கையிலிருந்த பச்சைப் புடவையையும் பறித்துப் பையில் போட்டாள்.

சத்தம் கேட்டு வந்த மாமியார் வாசற்படியிலேயே நின்றிருந்தார். இப்படி ஒரு காட்சி கிடைத்தால் அவர் வாய் சும்மா இருந்ததாகச் சரித்திரம் இல்லை. இன்றைக்கு அவர் கண் அந்தப் பையை விட்டு நகரவில்லை.

“நீயே சொல்லும்மா, யாரு இதெல்லாம் திருப்பியிருப்பா?” என்று மகன் நியாயம் கேட்டான்.

அவர் மகன் முகத்தைப் பார்க்கவில்லை. மெதுவாக வந்து பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே கையை விட்டுப் பச்சைப் புடவையை வெளியே எடுத்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த அட்டையை மடிப்புக்குள் பழகிய கையால் செருகினார். பிறகு மருமகளைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“இத மட்டும் விட்டுடும்மா. கட்டினப்ப எனக்கு எடுப்பா இருந்துச்சு.”