நான்காவது பிளக்

பழைய காரை வாங்க வந்தவர், இன்ஜின் திக்கித் திக்கி இருமுவதைக் கேட்டதும் பெரிய கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார்.

“இதை வித்துத் தொலைங்கன்னு பத்து வருஷமாச் சொல்றேன். இப்ப சும்மா குடுத்தாக்கூட வாங்க ஆளில்லே!” என்றாள் மனைவி.

கணவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அவள் உள்ளே போனதும் சிரித்தபடி பானெட்டைத் திறந்து, காலையில் தானே இடம் மாற்றி மாட்டிய இரண்டு பிளக் வயர்களையும் சரிசெய்து ஸ்டார்ட் செய்தார். இருமல் நிற்கவில்லை.

பதறிப்போய் ஒவ்வொரு பிளக்காகக் கழற்றினார். நான்காவது, போன மாதம் அவரே தூக்கிப் போட்ட கரி பிடித்த பிளக்!

“இது எப்படி இங்கே வந்துச்சு?”

வாசலில் நின்ற மனைவி புது பிளக்கை நீட்டினாள். “விக்கச் சொன்னது வாய்தாங்க, மனசில்லே. வண்டி போயிட்டா, அப்புறம் தொங்கிப்போன உங்க மூஞ்சியை யாரு பார்க்கிறது?”