எத்தனை முட்டை?

கூட்டில் மூன்று முட்டைகள் இருந்தன. இரை தேடிவிட்டு வந்த ஆண் காகம், "எத்தனை முட்டை இருக்கு?" என்று சாதாரணமாகத்தான் கேட்டது.

"ஏன், நான் சரியாப் பாத்துக்கலைன்னு சொல்றீங்களா?" என்றது பெண் காகம்.

உடனே ஆண் காகம் கண்டிக்கிற அப்பாவாகிவிட்டது. "கேட்டதுக்குப் பதில் சொல்லிப் பழகு."

பெண் காகம் குழந்தையாகி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டது. ஆண் காகம் பின்னாலேயே போய்க் கெஞ்சியது. இப்போது பெண் காகம் அதட்டுகிற அம்மாவாகிவிட்டது.

"இனிமே இப்படிக் கேப்பியா?"

"மாட்டேன்" என்று தலையைக் குனிந்துகொண்டது ஆண் காகம்.

அதற்குள் குயில் வந்து கூட்டில் ஒரு முட்டையிட்டுவிட்டுப் போயிருந்தது.

இரண்டும் சமாதானமாகித் திரும்பின. பெண் காகம் பொறுமையாக எண்ணிப் பார்த்து, "நாலு" என்றது.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றது ஆண் காகம்.